முப்பத்தொன்பதாம் வகை

அலுவலகத்தில் அவருக்குப் 'பை ரெண்டு' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. அவர் அறையைவிட்டு வெளியேறிக் கதவு மூடுவதற்குள் சொல்வார்கள்.

அந்த ரயில்வேயில் ஒவ்வொரு மின்சார வண்டியின் நெற்றியிலும் ஓர் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வகை. பிறகு ஒரு கோடு. பிறகு, அந்த வகையில் அது எத்தனையாவது வண்டி என்பது. வகை எண்ணின் முதல் இலக்கம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும். மூன்று என்றால் தலைக்குமேல் ஓடும் கம்பியிலிருந்து. நான்கு என்றால் தரையோரத் தண்டவாளத்திலிருந்து. இரண்டாவது இலக்கம் எதையும் சொல்லாது. வந்த வரிசை, அவ்வளவுதான்.

மேல்கம்பி வண்டிகளில் முப்பத்தெட்டுவரை வந்துவிட்டது. மிச்சம் இருந்தது முப்பத்தொன்பது. பழைய வகை ஒன்றை முழுக்க உடைத்துப் போட்டால் அதன் எண் காலியாகும். ஆனால் முப்பத்தொன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதனுள்ளே நின்றால் அடித்தகட்டின் ஓட்டை வழியே ஓடும் தரை தெரிந்தது.

புது வகையைக் கொண்டுவரும் அதிகாரிக்கு, அந்த வகையின் ஒவ்வொரு வண்டியிலும் கதவுக்குமேல் பெயர்ப்பலகை உண்டு. இருக்கிற வகையையே கொஞ்சம் மாற்றிக் கொண்டுவந்தால் அது உட்பிரிவு. வகை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு, ஓர் இலக்கம். உட்பிரிவுக்குப் பலகை கிடையாது.

முப்பத்தெட்டைக் கொண்டுவந்தவர் நம் பை ரெண்டின் சகலை. மனைவியின் அக்கா கணவர். அதில் கைப்பிடிகளை இறக்கி, இருக்கைக்குப் பச்சை உறை போட்டு, 38/2, அதாவது முப்பத்தெட்டு பை ரெண்டு, என்று கொண்டுவந்தவர் இவர்.

வீட்டிலும் அதே வகைப்பாடுதான். மாமியாருக்கு அவர் பெரிய மாப்பிள்ளை, இவர் சின்ன மாப்பிள்ளை. இவர் மனைவி எதையும் சுற்றிவளைத்துச் சொல்பவள் அல்ல.

"அக்கா வீட்டுக்காரர் முப்பத்தெட்டு. நீங்க அவருக்கே பை ரெண்டு."

சகலை பெருந்தன்மையானவர். அதுதான் தாங்க முடியாதது. குடும்பம் கூடும்போதெல்லாம் இவர் தோளில் கைபோட்டுச் சொல்வார்.

"பை ரெண்டுன்னா என்ன சகலை? கொக்கி போட்டா எல்லாம் ஒண்ணா ஓடப்போற வண்டிங்கதானே."

புது வண்டி வாங்கப் பணம் ஒதுக்கப்பட்டதும் இவர் முந்திக்கொண்டார். ஆலை பழைய ஆலைதான். அங்கே ஒரே மாதிரி வண்டிதான் செய்யத் தெரியும். இவர் வண்டியின் முகத்தைச் சாய்வாகக் கேட்டார். இருக்கையை நீலமாகக் கேட்டார். ஜன்னல் திறக்கக் கூடாது என்றார். நிலையத்தின் பெயர் சொல்லும் குரல் பெண்குரலாக இருந்தது. அதை ஆண்குரலாக்கினார். வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு வகைப்பாட்டுப் பிரிவுக்குப் போனார்.

அந்தப் பிரிவின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். எண் கொடுப்பது அவர் வேலை. இவர் போனபோது ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"முகம் புதுசு மேடம்."

"பார்த்தேன்."

"சீட்டு நீலம்."

"நல்ல கலர்."

"ஜன்னல் திறக்காது. முழுக்க ஏசி."

"ஏசி நின்னுட்டா?"

"நிக்காது மேடம்."

அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"முப்பத்தெட்டோட சேருமா?"

"எந்த விதத்துல கேக்கறீங்க?"

"ஒரே விதம்தான். கொக்கி போட்டா மாட்டுமா, மாட்டாதா?"

அந்த விதி பழையது. அறிவுள்ள யாரோ எழுதியது. வழியில் ஒரு வண்டி நின்றுபோனால், எந்த வண்டியைக் கொண்டு அதைத் தள்ளலாம் என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு எண்ணைப் பார்த்ததுமே தெரியவேண்டும். சேர்வதெல்லாம் ஒரு வகை. சேராதது வேறு வகை. எண் என்பதே அதற்குத்தான். பெயர்ப்பலகை பிற்பாடு வந்தது.

"மாட்டும்," என்றார் இவர்.

"அப்ப முப்பத்தெட்டு பை மூணு."

"மாட்டாட்டி?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"மாட்டாட்டி முப்பத்தொன்பது. ஆனா ஏன் மாட்டாது?"

அதற்கு அப்போது பதில் இல்லை. அடுத்த வாரம் இருந்தது. பட்டறைக்குப் போய் ஃபோர்மேனைக் கூப்பிட்டு, புது வண்டியில் இரண்டு முனையிலும் இணைப்புக் கொக்கியை நாலு விரல் உயர்த்தச் சொன்னார்.

"எதுக்கு சார்?"

"பயணிகள் வசதிக்கு."

"பயணிங்க யாரும் கொக்கில உக்காந்து வரமாட்டாங்களே சார்."

"சொன்னதச் செய்யுய்யா."

"செஞ்சிடலாம் சார். நாலு விரல்னா யார் விரல்?"

"என் விரல்தான்."

ஃபோர்மேன் அவர் கையை வாங்கிக் கொக்கியின்மேல் வைத்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டார். முப்பத்தொன்பதாம் வகையின் அடிப்படை அளவு இப்படித்தான் ஏற்பட்டது.

மேடம் நேரில் வந்து பார்த்தார். ஒரு முப்பத்தெட்டைக் கொண்டுவந்து முட்டவைத்தார்கள். ஒரு கொக்கி மேலே, ஒரு கொக்கி கீழே. மாட்டவில்லை. "சேரல," என்றார் மேடம். எண் கொடுத்துவிட்டார்.

அன்றிரவு வீட்டில் மனைவி கேட்காமலேயே இரண்டாவது தடவை சோறு போட்டாள்.

சிக்கல் மறுநாள் தெரிந்தது. வண்டியைப் பட்டறையைவிட்டு வெளியே இழுக்க வேண்டும். அங்கே இழுப்பதற்கு இருந்ததெல்லாம் முப்பத்தெட்டு. ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார். பிறகு ஓர் இரும்புத் துண்டை வளைத்து, ஒரு முனை உயரமாகவும் மறுமுனை தாழ்வாகவும் பற்றவைத்தார். இரண்டு கொக்கிக்கும் நடுவில் அதைக் கொடுத்தால் வண்டி சமர்த்தாக வந்தது. பட்டறையில் அதற்குத் தரகர் என்று பெயர் வைத்தார்கள்.

"சேராத ரெண்டு குடும்பத்தச் சேர்த்து வைக்குது சார்," என்றார் ஃபோர்மேன்.

"இது வெளிய தெரியக்கூடாது."

"தரகர் வேலையே அப்படித்தான் சார்."

தரகரைப் பின்பக்க ஓட்டுநர் அறையில், நீலத் துணியால் மூடி வைத்தார்கள்.

முப்பத்தெட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அது நிற்கும். பாலத்துக்கு ஏறும் சரிவில், கொஞ்சம் கூட்டம் இருந்தால், மோட்டார் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். எளிதில் எழாது. பின்னால் வரும் முப்பத்தெட்டு கொக்கி போட்டுத் தள்ளும். தள்ளியது நாளைக்கு நிற்கும். அதை இன்னொன்று தள்ளும். இது ஆரம்பம் முதல் நடப்பதால் இதை யாரும் கோளாறு என்று சொல்வதில்லை. சகலைகூட ஒரு கூட்டத்தில் இதை வண்டிகளுக்கிடையே உள்ள ஒத்துழைப்பு என்றுதான் குறிப்பிட்டார்.

முப்பத்தொன்பதில் மோட்டார் அதே மோட்டார். சரிவும் அதே சரிவு. மாறியது கொக்கி.

முதல் ஓட்டத்துக்கு ரயில்வேயின் தலைவர் வந்தார். மேடம் வந்தார். குடும்பம் மொத்தமும் வந்தது. சகலைக்கு இவரே வீட்டுக்குப் போய் அழைப்பு வைத்திருந்தார். கதவுக்குமேல் சின்னத் திரையை விலக்கித் தலைவர் பலகையைத் திறந்தார். பெயர் பளபளத்தது. மனைவி அதைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கும் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

வண்டி கிளம்பியது.

"சின்ன மாப்பிள்ள வண்டி குளுகுளுன்னு இருக்கே," என்றார் மாமியார்.

"இனிமே என்னம்மா சின்ன மாப்பிள்ள, பெரிய மாப்பிள்ள," என்றாள் மனைவி. "எண்ணப் பாத்தா இவருதான் பெரிசு."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சகலை இருக்கையைத் தடவிப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"மோட்டார் சத்தம் எங்கயோ கேட்ட சத்தமா இருக்கே சகலை."

"எல்லா மோட்டாரும் சத்தம் போடும் சகலை."

"அதச் சொல்லல. எம் பிள்ள அழுகிற மாதிரி இருக்கு."

சரிவு வந்தது. வண்டி மெதுவாகியது. இன்னும் மெதுவாகியது. பாலத்தின் உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. விளக்கு அணைந்தது. ஏசி நின்றது. ஆண்குரல் பாதி நிலையத்தின் பெயரைச் சொல்லி நிறுத்தியது.

"சிக்னலா?" என்றார் தலைவர்.

"சிக்னல்தான் சார்," என்றார் இவர்.

முன்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

இவர் ஓட்டுநர் அறைக்கு ஓடினார். பின்னாலேயே சகலையும் வந்தார். ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சுப் பெட்டியிலிருந்து குரல் கரகரவென்று வந்தது.

"உனக்குப் பின்னாலயே ஒரு முப்பத்தெட்டு நிக்குது. தள்ளச் சொல்றேன். உன் வண்டி என்ன வகை?"

"முப்பத்தொன்பது."

"முப்பத்தொன்பதா? அப்ப முப்பத்தெட்டு சேராது. முப்பத்தொன்பதுதான் வேணும். இன்னொரு முப்பத்தொன்பது எங்க இருக்கு?"

"இது ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா? ஒண்ணே ஒண்ணுக்கு எதுக்குய்யா ஒரு வகை?"

ஓட்டுநர் பேச்சுப் பெட்டியைக் கையால் பொத்தினார். இவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சார், பின்னாடி கேபின்ல தரகர் இருக்கு. ரெண்டு பேர் தூக்கினா போதும். போட்டுடலாம்."

"அப்படி எதுவும் இல்ல."

"நீலத் துணி போட்டு..."

"இல்லைன்னு சொல்றேன்ல?"

சகலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். இனி அவர் சிரிப்பார். தோளில் கைபோடுவார். வெளியே போய்த் தலைவரிடம் பணிவாகச் சொல்வார்.

சகலை சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. இந்த வண்டி முப்பத்தெட்டோடு சேர்ந்துவிட்டால் அது முப்பத்தெட்டு. தலைவரை ஏற்றிக்கொண்டு நடுவழியில் நின்றது முப்பத்தெட்டு என்றாகிவிடும். இதுவரை சகலையின் வண்டிகள் நின்றதெல்லாம் யார் யாரையோ ஏற்றிக்கொண்டுதான்.

"தரகர்னு எதுவும் இல்லப்பா," என்றார் சகலை ஓட்டுநரிடம். "சகலை சொல்றது சரி."

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

பெட்டிக்குத் திரும்பினார்கள். உள்ளே வேகத் தொடங்கியிருந்தது. தலைவர் கழுத்துப் பட்டியைத் தளர்த்தியிருந்தார். மாமியார் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள்.

"திறக்காதுக்கா," என்றாள் மனைவி. "அதான் இதுல புதுசு."

"பின்னால வண்டி நிக்குதே," என்றார் தலைவர். "தள்ள வேண்டியதுதானே?"

"அது முப்பத்தெட்டு சார்," என்றார் இவர். "சேராது."

"சேரவே சேராது சார்," என்றார் சகலை. "நானே சொல்றேன். இது தனி வகை. மனசாரச் சொல்றேன்."

தலைவர் மேடத்தைப் பார்த்தார்.

"சேராதுன்னுதான் எண் கொடுத்தேன்," என்றார் மேடம். "சேர்ந்தா சொல்லுங்க. முப்பத்தெட்டு பை மூணுன்னு மாத்திக்கறேன். எனக்கு ஒரு சாய்கோடுதான் செலவு."

இரண்டு சகலைகளும் ஒன்றாகத் தலையாட்டி மறுத்தார்கள்.

தலைவரின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு நீல இருக்கையில் விழுந்து கறையானது. மாமியாரின் விசிறல் நின்றது.

"பெரிய மாப்பிள்ள. எனக்கு என்னவோ பண்ணுது."

"ஏங்க," என்றாள் மனைவி. "அம்மாவப் பாருங்க. ஏதாவது பண்ணுங்களேன்."

இவர் மாமியாரைப் பார்த்தார். பிறகு கதவுக்குமேல் இருந்த பலகையைப் பார்த்தார்.

"என்ன பண்ணச் சொல்ற? சேராதே."

தலைவர் எழுந்தார். ஓட்டுநர் வந்து கதவைக் கையால் தள்ளித் திறந்தார். ஏணியை இறக்கினார்கள். முதலில் தலைவர், பிறகு மேடம். மாமியாரைப் பெரிய மாப்பிள்ளை கைத்தாங்கலாக இறக்கினார். எல்லோரும் தண்டவாளத்தின் ஓரமாகப் பாலத்தின்மேல் நடக்கத் தொடங்கினார்கள். அடுத்த நிலையம் பாலத்தைத் தாண்டியதும் இருந்தது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மனைவி மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க வரலியா?"

"வண்டிய விட்டுட்டு எப்படி வர்றது?"

"அது எங்க போயிடப்போவுது?"

"நீ போ."

அவள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இவர் வெற்றுப் பெட்டியில் உட்கார்ந்தார். வேர்த்தது. ஆனால் முப்பத்தொன்பது முப்பத்தொன்பதாகவே இருந்தது. தலைவரே பார்த்துவிட்டார். மேடமே சொல்லிவிட்டார். சகலையே சாட்சி. இனி யாரும் அதைப் பிடுங்க முடியாது. பலகையில் தன் பெயரை ஒருமுறை நிதானமாக வாசித்தார். எழுத்துப்பிழை இல்லை.

பின்னால் நின்ற முப்பத்தெட்டில் ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஜன்னல் திறக்கும். ஆகவே நன்றாகக் கேட்டது. வண்டியையும், வண்டி செய்தவரையும், அவரைப் பெற்றவர்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஓட்டுநர் வந்தார்.

"எல்லாரும் போயாச்சு சார். போடட்டுமா?"

இவர் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பாலத்தில் யாரும் தெரியவில்லை.

"சீக்கிரம் போடு."

ஓட்டுநரும், முப்பத்தெட்டின் ஓட்டுநரும் தரகரை எடுத்து நடுவில் கொடுத்தார்கள். கிளிக் என்றது. எத்தனையோ கூட்டங்களில் தேடியும் கிடைக்காத இணக்கம் அந்தச் சத்தத்தில் இருந்தது. முப்பத்தெட்டு முனகிக்கொண்டே தள்ளியது. முப்பத்தொன்பது நகர்ந்தது. உச்சியைத் தாண்டியது. இவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காற்றில்லாவிட்டாலும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

இறக்கத்தில் அடுத்த நிலையம் தெரிந்தது. நடைமேடை தெரிந்தது. நடைமேடையில் ஒரு பெஞ்சு தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் தெரிந்தார்கள்.

நடந்து போனவர்கள் நிலையத்துக்குத்தான் போவார்கள். வண்டியும் அதே நிலையத்துக்குத்தான் போகும். தண்டவாளத்தில் வேறு சந்து கிடையாது. முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவருக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

ஓட்டுநர் அறைக்கு ஓடினார்.

"நிறுத்துய்யா! நிறுத்து!"

"தள்ளுறது நான் இல்ல சார்," என்றார் ஓட்டுநர்.

வண்டி நடைமேடையில் நுழைந்தது. தலைவர் ஒரு காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். மாமியார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேடம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் முன்னால் பெட்டிகள் ஒவ்வொன்றாக, பொறுமையாகக் கடந்தன. கடைசிப் பெட்டியும், அதன் முதுகில் ஒட்டிய முப்பத்தெட்டும் பெஞ்சுக்கு நேராக வந்து நின்றன.

மேடம் எழுந்தார். நடைமேடையின் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தார். தரகர் எண்ணெய் மின்ன இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"சேருதே," என்றார்.

"சேரல மேடம்," என்றார் சகலை. "ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அவ்வளவுதான்."

பெட்டிகளின் ஊடே ஓடிவந்த இவர் கடைசிப் பெட்டியின் ஜன்னலில் தோன்றினார். வாய் அசைந்தது. இரண்டு கையும் அசைந்தன. கண்ணாடி திறக்காத கண்ணாடி. ஒன்றும் கேட்கவில்லை.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் தலைவர்.

"அவர் எப்பவும் சொல்றதுதான்," என்றாள் மனைவி.

"இப்ப இது என்ன வகை மேடம்?"

"முப்பத்தெட்டு பை மூணு சார்," என்றார் மேடம்.

"சார், கையெடுத்துக் கும்பிடறேன்," என்றார் சகலை. "இத என் வகைல சேர்க்காதீங்க."

தலைவர் காலணியை மாட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியேறிப் போனார்.

மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாக்கா. பஸ்ல போயிடலாம்."

நெற்றியில் எண்ணை மாற்றி எழுத பெயின்டர் வந்தார். பலகையைக் கழற்ற வேறொருவர் வந்தார். திருகாணி இறுகிப்போயிருந்ததால் பலகையைப் பாதி உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. கொக்கியைப் பழைய உயரத்துக்கு இறக்கினார்கள். பட்டறையில் தரகர் ஒரு மூலைக்குப் போனது. அலுவலகத்தில் இவரை இப்போது பை ரெண்டு என்று யாரும் சொல்வதில்லை. கதவு மூடுவதற்குள் பை மூணு என்கிறார்கள்.

வீட்டில் பேச்சு குறைந்தது. சோறு ஒரு தடவைதான் வந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்.

"முப்பத்தொன்பது இன்னும் காலியாத்தான் இருக்காம்."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அத்தான் கேட்டிருக்காராம். புதுசா ஒரு வண்டி. முகம் தட்டையா, சீட்டு சிவப்பா. அக்கா போன்ல சொன்னா. குரல்ல அப்படி ஒரு நெளிவு."

இவர் கை தட்டில் நின்றது.

"முப்பத்தெட்டோட சேருமாமா?"

"சேராதாம். மேடம் வந்து பாத்துட்டாங்களாம். கொக்கி நாலு விரல் கீழயாம்."

"கீழயா?"

"கீழன்னுதான் சொன்னா. ஏன்?"

இவர் நாலு விரலைத் தட்டுக்குமேல் நீட்டிப் பிடித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைத் தலைகீழாகத் திருப்பினார். தரகரையும் திருப்பிப் போடலாம்.

"முதல் ஓட்டம் என்னைக்காம்?"

"அடுத்த மாசம். நம்மளயும் கூப்பிடுவாங்களாம். போகவே வேணாம். எனக்கு மானம் இருக்கு."

"போகணும்," என்றார் அவர். "குடும்பத்தோட போகணும். பட்டறையில கொஞ்சம் வேலை இருக்கு, அத முடிச்சிட்டு நேரா வந்துடறேன்."

தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."